நம் நிலத்தைச் சூளைக்குக் கொடுப்பது குறித்து

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் மாமாவும் பிள்ளைகளும் அங்கு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவியும் சுகம். நிலத்தின் சுகத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். சொல்லலாம்தான். ஆனால் நான் "மண்" என்று வாயெடுத்ததுமே தங்களுக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துபோகிறது. போன மாதம் மட்டும் நான்கு முறை தீய்ந்தது. கடிதத்தை அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம்.

தாங்கள் கேட்டது ஒரே கேள்வி. நிலத்தைச் செங்கல் சூளைக்காரருக்குக் கொடுக்கச் சம்மதமா, இல்லையா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்மதம். வருகிற வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசுக்கு வந்து, தங்கள் பாதியோடு என் பாதியையும் சேர்த்து மூன்று ஏக்கருக்கும் கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாவது மாடி வாடகை வீட்டுக்கு மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி உட்கார்ந்து ஏறுவதை நினைத்தால் படியில்லாத வீடு ஒன்று வாங்கவாவது இதை எப்போதோ விற்றிருக்க வேண்டும். ஆனால் அங்கே பெஞ்சில் காத்திருக்கும்போது தாங்கள் என் முகத்தைப் பார்த்து, "மூணு வருஷமா மண்ணைத் திருத்துறேன் மண்ணைத் திருத்துறேன்னு சொன்னியே, என்னடா கிழிச்சே?" என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் கிழித்ததை எல்லாம் இங்கேயே எழுதிவிடுகிறேன். தாங்கள் தாங்கள் என்று எழுதி இப்போதே கை வலிக்கிறது, இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நிலம் கெட்டதற்கு நான்தான் காரணம், அதில் ஒளிவுமறைவு இல்லை. அப்பா போன பிறகு நிலம் என் கைக்கு வந்ததும், விளைச்சல் கொஞ்சம் குறைந்தால் ஒரு மூட்டை உரம் கூடப் போட்டேன். இன்னும் குறைந்தால் இன்னொரு மூட்டை. அறுத்த தாளை அப்படியே கொளுத்தினேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. ஒரு உழவு போதும் என்கிற இடத்தில் ஐந்து உழவு ஓட்டினேன், போர் தண்ணீரை இரவும் பகலும் பாய்ச்சினேன். தண்ணீரில் உப்பு இருந்தது நாக்குக்குத் தெரிந்தது, புத்திக்குத் தெரியவில்லை. கடைசியில் நிலம் வெள்ளையாய்ப் பூத்தது. காய்ந்த நாளில் மேலே நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம், அதற்கு ஒரு சாண் கீழே தகடு மாதிரி இறுகிப்போன மண். ஒருநாள் என் மகன் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான், டங் என்று சத்தம் வந்தது. "அப்பா, இது வயலா தார் ரோடா?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மறுவாரமே ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான், அவன் அறை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அப்போதுதான் மண் பரிசோதனை ஆபீசரம்மா எங்கள் பக்கம் வந்தார். நல்ல அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்குகிறவர். கெட்ட நிலத்தைத் திருத்தத் திட்டம் வந்திருக்கிறது, உப்பு எடுக்க ஜிப்சம் இலவசமாகத் தருவோம், உழவைக் குறையுங்கள், தாளைக் கொளுத்தாதீர்கள், மண்ணை மூடி வையுங்கள், பசுந்தாள் வளர்த்து மடக்கி உழுங்கள், வரப்பில் மரம் வையுங்கள், நாலைந்து வருஷத்தில் மண் திரும்பி வரும் என்றார். எல்லாம் சரி. அதற்கு முதலில் ஒரு கிலோ மண்ணைப் பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுவரச் சொன்னார். இப்போது நான் எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் தம்பி பெண்டாட்டிக்கும் தெரியாது. நான் வயலில் மண்ணை அள்ளிப் பையில் போட்டுப் பார்த்தேன். சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி இருந்தது. இதையா எடுத்துப் போய் ஆபீசில் நாலு பேர் முன்னால் மேஜை மேல் கொட்டுவது? அப்பா பெயர் எழுதிய பையில்? எனக்கு மானமே போன மாதிரி இருந்தது. டாக்டரிடம் போகும்போது நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவதில்லையா, அப்படி நினைத்துத்தான், கொல்லைப்புறத்தில் இவள் கத்திரிக்காய் வைத்திருந்த தொட்டியிலிருந்து கருகருவென்று ஒரு கிலோ மண்ணை அள்ளிப் பையை நிரப்பிக்கொண்டு போனேன்.

முடிவு வந்தது. எல்லாக் கட்டத்திலும் "மிக நன்று". ஆபீசரம்மாவே முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்து, "ஐயா, இந்தச் சுற்றுவட்டாரத்துலயே உங்க மண்ணு மாதிரி வரல, பாக்கத்தான் மோசமா இருக்கு, உள்ள தங்கம்!" என்றார். தங்கத்துக்கு எதற்கு ஜிப்சம்? என் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். பக்கத்தில் உள்ளவனுக்கெல்லாம் லாரியில் வந்து இறங்கியது, எனக்கு ஒரு பிடி கிடையாது. அதற்குப் பதிலாக என் வயல் முகப்பில் இரண்டு இரும்புக் கால் நட்டு, "முன்மாதிரி நிலம்" என்று ஒரு பலகை வைத்தார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பாய். சொல்லத்தான் போனேன், அக்கா. ஆபீஸ் வாசல் வரைக்கும் மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா டீ வாங்கிக் கொடுத்துவிடுவார், டீ குடித்த வாயால் எப்படிச் சொல்வது? பிறகு வேனில் ஆட்கள் வந்து என் நிலத்தைப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நான் பலகைக்கு அடியில் நின்று மண்வளம் பற்றிப் பேசுவேன். ஒரு பெரியவர் மட்டும் குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுவா முன்மாதிரி? எதுக்கு முன்மாதிரி?" என்று கேட்டார். அவருக்கு நான் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

இப்படி மருந்தில்லாமல் வைத்தியத்தை ஆரம்பித்தேன். முதல் வருஷம் வைக்கோலும் சருகும் வாங்கி மூன்று ஏக்கரையும் போர்த்தினேன். நாலாம் நாள் காற்றடித்தது, பாதி போர்வை தெருவில் எல்லார் வீட்டுக் கூரையிலும் கிடந்தது. நான் ஏணியோடு வீடு வீடாகப் போய், "நம்ம வைக்கோல் வந்திருக்கான்னு பாக்கலாமா?" என்று கேட்டு வாங்கி வந்தேன். மீதிப் பாதியை ஆடு தின்றது. ஆடு தின்றால் புழுக்கையாவது போடும் என்று ஆறுதல் பட்டேன், அவை தின்றது இங்கே, போட்டது ஆட்டுக்காரர் பட்டியில். உன் தம்பி பெண்டாட்டி அப்போது காய்கறி பேக்கிங் ஷெட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். காலையில் போய் நின்றால் சாயங்காலம் கால் வீங்கி வருவாள். வந்து வாசலில் உட்கார்ந்து, "வீட்டுல ரெண்டு வேளை அடுப்பு எரியுது, மண்ணுக்கு மட்டும் மூணு வேளை சாப்பாடு. குடுத்து வச்ச மண்ணுங்க" என்பாள். சண்டையாகச் சொல்லமாட்டாள், அதுதான் எனக்குத் தாங்காது. அந்த வருஷம் விதைத்த விதை திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம் பசுந்தாள். தக்கைப்பூண்டு விதைத்தேன். அதை நாற்பத்தைந்து நாளில், பூக்கிற சமயத்தில், தண்டு இளசாக இருக்கும்போதே மடக்கி உழுதுவிட வேண்டும், அப்போதுதான் மக்கும், இதைப் பலகைக்கு அடியில் நின்று ஊருக்கே நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது முளைத்து, இடுப்புக்கு வளர்ந்து, ஒருநாள் காலையில் மூன்று ஏக்கரும் மஞ்சளாகப் பூத்து நின்றதைப் பார் அக்கா, எனக்குக் கை வரவில்லை. ஐந்து வருஷமாக வெள்ளையைத் தவிர வேறு நிறம் பார்க்காத கண். டிராக்டர்காரர் வந்து நின்று ஹாரன் அடிக்கிறார், "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். இவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன், அவள் ஷெட்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே பத்து நிமிஷம் நின்றாள். இப்படிப் பதினைந்து நாள் ஓடிவிட்டது. பிறகு உழுதபோது தண்டெல்லாம் விறகாகியிருந்தது, கலப்பையில் சுற்றிக்கொண்டது, மக்க மறுத்தது. அதன் மேலே விதைத்த பயிர் வெளிறி மஞ்சளாய் நின்றது, இந்த மஞ்சள் அழகான மஞ்சள் இல்லை. அழகு பார்த்ததற்கு ஒரு வருஷம் விளைச்சல் போனது. டிராக்டர்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "நாளைக்கு வரட்டுமாண்ணே?" என்றுதான் கேட்கிறார்.

மூன்றாம் வருஷம் எல்லாம் சரியாகச் செய்தேன், பூத்ததும் கண்ணை மூடிக்கொண்டு உழுதேன், தாளைக் கொளுத்தவில்லை, சாணிக் குழி போட்டேன், பக்கத்து நிலத்தை ஒட்டிய வரப்பில் பதினோரு கன்று நட்டேன். அதற்குக் கிடைத்த பலனைக் கேள். முன்பெல்லாம் மழை பெய்தால் வயலில் மூன்று நாள் தண்ணீர் நிற்கும், பார்க்கவாவது இருக்கும். இப்போது ஒரு மணி நேரத்தில் காணாமல் போகிறது, அடியில் எங்கே ஓட்டை விழுந்ததோ தெரியவில்லை. முன்பு களைகூட முளைக்காது, இப்போது பெயர் தெரியாத களையெல்லாம் வந்து குனிந்து குனிந்து என் இடுப்பு போனது. விதைக்காத இடத்தில்கூட மைனாக் கூட்டம் வந்து மண்ணைக் கிளறுகிறது, தகரத்தைத் தட்டித் தட்டி விரட்டினேன். மண்வெட்டியைப் போட்டால் சத்தமே வராமல் பொதுக்கென்று இறங்குகிறது, தகடு கழன்றுவிட்டதோ என்று கொல்லரிடம் கொண்டுபோனேன், அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மண்வெட்டி நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் சரியில்ல" என்றார். பயிர் என்னவோ இடுப்பு வரைக்கும் வந்தது. அது நம்ம விதை என்று விதைக் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அறுக்கப் பத்து நாள் இருக்கும்போது அந்த மழை வந்தது.

மழையைச் சொல்வதற்கு முன்னால் அவசரம் அண்ணனைச் சொல்ல வேண்டும். உனக்கு அவரைத் தெரியும், நம் பக்கத்து நிலத்துக்காரர், பத்து மணி பஸ்ஸுக்கு எட்டு மணிக்கே ஓடுகிறவர். அவருக்கும் நிலம் நம்முடையது போலவேதான் கெட்டிருந்தது. ஜிப்சம் வந்து இறங்கியும், நாலைந்து வருஷம் யார் காத்திருப்பது என்று சூளைக்குக் கொடுத்துவிட்டார். மேல்மண் மூன்றடி மட்டும்தான் என்றார்கள். மூன்றடி முடிந்ததும், கீழே இருப்பதும் மண்தானே என்று ஆறடி எடுத்தார்கள், பிறகு யாரும் அளக்கவில்லை. அவரையே அந்தப் பள்ளத்துக்குக் காவலுக்கு வைத்தார்கள். தன் நிலம் லாரி லாரியாகப் போவதைக் கம்பை ஊன்றிக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பார். "வேலை சுலபம்டா, காணாமப் போறதுக்குத்தான் காவல்" என்று என்னிடம் சிரித்தார். மூன்று நாள் மழையில் பள்ளம் நிறைந்தது. நாலாம் நாள் காலையில் சூளைக்காரருடைய மோட்டார் குழாயை மேலே இழுத்து வைக்க அவசரமாகப் போனார், கரை சரிந்தது. மதியம்தான் கண்டுபிடித்தார்கள். கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லையே என்று இருபது வருஷம் புலம்பிய மனிதர். நீச்சல் தெரியாது, எங்கே போய்க் கற்றிருப்பார்? அவர் மனைவி அழவில்லை. வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து நிறுத்தி, "வயல்ல யாராவது முங்கிச் சாவாங்களா? நீங்க சொல்லுங்க, வயல்ல யாராவது முங்கிச் சாவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னையும் கேட்டார். இன்னும் அந்தக் கேள்வி காதில் கிடக்கிறது, அக்கா, சாப்பிட உட்கார்ந்தால் வருகிறது.

அதே மழையில்தான் நம் வரப்பு போனது. அவர் பள்ளம் ஆழம், நம் நிலம் மேடு, நிலம் மேட்டில் எத்தனை நாள் நிற்கும்? பயிரோடு சேர்ந்து ஒரு கீற்று அப்படியே வழுக்கி உள்ளே போனது. பதினோரு கன்றில் ஒன்பது போனது. மூலையில் நின்ற இரண்டு மட்டும் வேர் பிடித்து, அவை நிற்கிற இடத்தில் வரப்பும் நிற்கிறது. "முன்மாதிரி நிலம்" பலகையும் காலோடு பெயர்ந்து பள்ளத்தில் விழுந்து, எழுத்து மேலே தெரியும்படி மிதந்தது. இறப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் போனார்கள். நிற்கிற பயிரும் படுத்துவிட்டது, அறுத்ததில் பாதி முளை விட்டது. அடுத்த வாரம் சூளைக்காரர் வந்தார். மரியாதையான மனிதர், திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: "அண்ணே, நீங்க குடுத்தாலும் உங்க மண்ணு என் பள்ளத்துக்குத்தான் வரும், குடுக்காட்டியும் வரும். குடுத்தா கையெழுத்துல வரும், குடுக்காட்டி மழையில வரும். அவ்வளவுதான் வித்தியாசம்." சரி என்று சொல்லிவிட்டேன். உள்ளே வந்து இவளிடம் சொன்னேன். எழுந்துபோய்த் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஏற்கெனவே காலையில் ஊற்றியிருந்தாள்.

இதுதான் நான் மூன்று வருஷமாகக் கிழித்தது. நிலத்தைக் கெடுத்தவனும் நான், திருத்துகிறேன் என்று கிளம்பித் தோற்றவனும் நான், கிடைக்க வேண்டிய மருந்தைத் தொட்டி மண்ணைக் காட்டிக் கெடுத்துக்கொண்டவனும் நான். உன் பாதிக்கும் சேர்த்துத்தான் தோற்றிருக்கிறேன். அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று யோசிப்பதை விட்டுவிட்டேன், அவர் சொல்லமாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். நல்ல பேனாவாக ஒன்று கொண்டு வா, என்னுடையது கசிகிறது என்பது இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், முழங்காலை மடக்காமல் உட்காரச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஆசி என்பது என்னிடம் மீதமிருக்கிற அளவுக்குத்தான். உன் ஆசியை எனக்கு அனுப்பு, திட்டோடு சேர்த்து அனுப்பினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி

பின்குறிப்பு: கவர் வாங்கி வரலாம் என்று இதை மடித்து வைத்திருந்தேன், அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் சூளைக்காரர் மண்ணைச் சோதித்துப் பார்க்க ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தது முப்பது வருஷமாகச் சூளையில் மண் மிதிக்கிற ஒரு அம்மா. அவருக்குக் காலே மண் பரிசோதனை ஆபீஸ். வயலில் நாலு இடத்தில் நடந்தார், குனிந்து ஒரு கை அள்ளினார், தண்ணீர் தெளித்துப் பிசைந்தார், உருண்டை பிடித்தார், கீழே போட்டார். உதிர்ந்தது. இன்னொரு இடத்தில் எடுத்தார், உதிர்ந்தது. இந்த மண்ணு செங்கல்லுக்குக்கூட ஆகாதா என்று நினைத்தேன். அந்த அம்மா கையைத் தட்டிக்கொண்டு, "இதுல செங்கல்லு அறுக்க முடியாதுங்க. உள்ள பூரா வேரு, மக்குன தழை, புழு. சூளையில வச்சா உள்ள இருக்கிறது எரிஞ்சு கல்லு பொத்தல் பொத்தலா வெடிச்சிரும்" என்றார். மேலே இருப்பதை ஒதுக்கிவிட்டுக் கீழே எடுக்கலாமே என்றார் சூளைக்காரர். "கீழ உப்பு. பக்கத்துப் பள்ளத்து மண்ணுல வச்ச சுவரே இப்ப பூத்துக் கொட்டுது" என்றார் அந்த அம்மா. சூளைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்னண்ணே, நல்லா இருந்த மண்ணை இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்க!" என்றார். "ஆமாங்க, மூணு வருஷமா" என்றேன். அவர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை வரமாட்டார்.

அந்த அம்மா மட்டும் கிளம்பவில்லை. தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "ஐயா, தப்பா நினைக்காதீங்க, வீட்டுல ரெண்டு செடி வச்சிருக்கேன், தொட்டிக்கு ஒரு சட்டி மண்ணு அள்ளிக்கட்டுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உன் தம்பி பெண்டாட்டி முந்திக்கொண்டாள். "தாராளமா அள்ளிக்கோங்க. எங்க வீட்டுல தொட்டி மண்ணு வயலுக்குப் போகும், வயல் மண்ணு தொட்டிக்குப் போகும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மூணு வருஷமா அவளுக்குத் தெரியும் அக்கா. என் கத்திரிச் செடி ஒரே நாளில் சாஞ்சது எப்படின்னு எனக்குத் தெரியாதா என்கிறாள். அந்த அம்மா அள்ளின இடத்துல நானும் குனிஞ்சு ஒரு கை அள்ளினேன். கருகருன்னு இருந்துச்சு. மைனாவை எதுக்கு விரட்டினேன்னு இருக்கு.

ஆக, மேலே எழுதின எதுக்கும் அர்த்தமில்லை. கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன், காகிதம் இல்லை. நிலம் விலை போகவில்லை. பக்கத்துப் பள்ளம் அப்படியே இருக்கிறது, அடுத்த மழைக்குள் அந்தக் கரையில் மரம் பிடிக்காவிட்டால் இந்த மண்ணும் அதுக்குள்ளதான் போகும். நாளைக் காலையில் ஆபீசரம்மாகிட்டப் போய் உண்மையைச் சொல்லப் போறேன், டீ குடிக்காம. மாமாவோட முழங்காலுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை. எங்க வீட்டில் படி கிடையாது, பையனோட அறை காலியா இருக்கு, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

வெள்ளிக்கிழமை எதுக்கும் வா. பேனா வேண்டாம். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷமா உன் பங்குன்னு ஒரு மூட்டைகூட நான் குடுத்ததில்லை. வரும்போது ஒரு தொட்டி கொண்டு வா.